கிரால் ஸ்பேஸ்: வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

தமிழ்நாட்டில் வீட்டுத் தரை என்றால் மண்ணைக் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, மேலே கான்கிரீட் ஊற்றி, டைல்ஸ் ஒட்டியது. அடியில் வெற்றிடம் என்ற பேச்சே கிடையாது. அமெரிக்காவின் வட கரோலினா, ஜார்ஜியா, டென்னசி, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் ஏராளமான வீடுகள் அப்படி இல்லை. சுற்றிலும் குட்டையான ஒரு கல் சுவர், நடுவில் சில தூண்கள், அவற்றின்மேல் மரச் சட்டங்கள், அதற்கு மேல் பலகை. அந்தப் பலகைதான் தரை. பலகைக்கும் கீழே இருக்கும் வெறும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை அடியிலிருந்து நான்கு அடி வரை உயரமுள்ள ஓர் இருட்டறை. நிமிர்ந்து நடக்க முடியாது, தவழ்ந்துதான் போக வேண்டும். அதனால்தான் அதற்குக் கிரால் ஸ்பேஸ் என்று பெயர்.

வட கரோலினாவின் ராலே, கேரி, ஷார்லட் பக்கம் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் சமையலறையையும் பூஜை மூலையையும் பார்க்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்த இருட்டறைக்குக் கொடுப்பதில்லை. முதல் குளிர்காலத்தில் தரை ஜில்லிடும். முதல் கோடையில் அடியிலிருந்து ஈர மண் வாடை வரும். மரத்தரைப் பலகைகளின் ஓரங்கள் லேசாக மேலெழும்பி, காலில் நெருடும். அப்போது யாராவது "கீழே இன்சுலேஷன் போடுங்கள்" என்று சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் இன்சுலேஷன், அதாவது சூடும் குளிரும் கடக்காமல் தடுக்கும் அடுக்கு, இந்த வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்த இருட்டறை வீட்டுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா?

வெளியே என்று முடிவு செய்தால், தரைதான் வீட்டின் எல்லை. இன்சுலேஷன் தரைச் சட்டங்களுக்கு நடுவே போகும், கீழே வெளிக்காற்று உலவும். உள்ளே என்று முடிவு செய்தால், சுற்றுச்சுவரும் மண்ணும்தான் எல்லை. மண்ணைப் பிளாஸ்டிக்கால் மூடி, காற்றுத் துவாரங்களை அடைத்து, இன்சுலேஷனைச் சுவரில் வைக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் முழுதாகச் செய்ய வேண்டும். கெட்டுப்போன கிரால் ஸ்பேஸ்களில் பெரும்பாலானவை இரண்டையும் அரைகுறையாகச் செய்தவை: தரைக்கடியிலும் பஞ்சு, சுவரிலும் ஃபோம், துவாரங்களில் பாதி திறந்து பாதி மூடி, மண்மேல் கிழிந்த பிளாஸ்டிக்.

டம்ளர் ஏன் வியர்க்கிறது

ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்போம். தண்ணீர் உள்ளிருந்து கசியவில்லை. சுற்றியுள்ள காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படிகிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் காற்று தன் ஈரத்தைக் கக்குமோ, அதற்குப் பனிநிலை என்று பெயர்.

ஜூலை மாதம், மழை விட்ட மதியம். வெளியே 32 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 26 டிகிரி. கிரால் ஸ்பேஸ் மண்ணும் கல் சுவரும் 20, 22 டிகிரியில் இருக்கும். மேலே ஏசி ஓடும் வீட்டின் தரைப்பலகை 24. கிரால் ஸ்பேஸ் வழியாக ஓடும் ஏசி காற்றுக் குழாய்க்குள் 13 டிகிரிக் காற்று. அங்கே இருக்கும் எல்லாமே 26-க்குக் கீழே. துவாரம் வழியாக நுழையும் காற்று எதைத் தொட்டாலும் வியர்க்கும். "காற்றோட்டம் இருந்தால் ஈரம் காயும்" என்ற நம் அனுபவ அறிவு இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது. கோடையில் உள்ளே வரும் காற்றுதான் ஈரத்தைச் சுமந்து வருகிறது.

மரத்துக்கு இது பொறுக்காது. தரைச் சட்டத்தின் ஈரம் எடையில் 19 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. 20-ஐத் தாண்டினால் மேற்பரப்பில் பூசணம் பிடிக்கும் வாய்ப்பு ஏறுகிறது. 28-ஐ ஒட்டி நீடித்தால் மரத்தைத் தின்னும் அழுகல் பூஞ்சை வேர்பிடிக்கும். இதை அளக்க இரண்டு ஊசி கொண்ட சிறு ஈரமானி போதும். சட்டத்தில் குத்தினால் எண் காட்டும். நடுப்பகுதியில் மட்டும் பார்க்காமல், குளியலறைக்கு அடியிலும் வடக்குச் சுவர் ஓரத்திலும் பாருங்கள். கெடுதல் அங்கேதான் முதலில் தொடங்கும்.

கிரால் ஸ்பேஸ் காற்று அங்கேயே தங்கிவிடுவதும் இல்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலேறி மாடிக்கூரை வழியாகக் கசிந்து போகும்போது, அதை ஈடுகட்டக் கீழிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. தண்ணீர்க் குழாய் தரையைத் துளைக்கும் ஓட்டை, குளியல் தொட்டிக்கு அடியில் வெட்டிய பெரிய சதுரம், மின்கம்பித் துளைகள் எல்லாம் அதற்கு வழி. கீழே பூசண வாடை இருந்தால் படுக்கையறையிலும் அது இருப்பது இதனால்தான்.

பழைய கட்டட விதி 150 சதுர அடித் தரைக்கு 1 சதுர அடிக் காற்றுத் துவாரம் கேட்கிறது. 1,200 சதுர அடி வீட்டுக்கு 8 சதுர அடி. மண்ணைப் பிளாஸ்டிக்கால் மூடினால் 1,500-க்கு 1 போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. மண்ணிலிருந்து எழும் ஈரத்தைத் தடுப்பதில் பிளாஸ்டிக்குக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்தப் பத்து மடங்கு வித்தியாசமே சொல்லிவிடுகிறது.

இதை நேரில் சோதித்த ஊர் வட கரோலினாவின் பிரின்ஸ்வில். விடுதலையடைந்த கறுப்பின மக்கள் உருவாக்கி, 1885-இல் நகராட்சி உரிமை பெற்ற சிற்றூர் அது. 1999-இல் ஃப்ளாய்ட் புயல் வெள்ளத்தில் மூழ்கியது. 2000-களின் தொடக்கத்தில் ராலேயைச் சேர்ந்த அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற லாபநோக்கற்ற நிறுவனம் அங்கே ஒரே மாதிரியான 12 வீடுகளை எடுத்து, சிலவற்றில் துவாரங்களைத் திறந்தும் சிலவற்றில் கிரால் ஸ்பேஸை மூடியும் அளந்தது. மூடியவை கோடையிலும் உலர்ந்திருந்தன. சூடாக்கவும் குளிரூட்டவும் ஆன மின்செலவு 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. ஈரமான தென்கிழக்கு மாநிலங்களில் மூடிய கிரால் ஸ்பேஸ் பரவலாக ஏற்கப்பட்டதற்கு இந்த அளவீடு ஒரு முக்கியக் காரணம்.

முதலில் தண்ணீர்

ஈரமான கிரால் ஸ்பேஸை மூடுவது, வியர்த்த உடம்பின்மேல் ரெயின்கோட்டை மாட்டுவது போல. வெளியே தொடங்குங்கள். வீட்டுச் சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் மண் 6 அங்குலமாவது சரிந்திருக்க வேண்டும். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டினால், அதற்கு ஒரு நீட்டுக்குழாய் மாட்டி, ஐந்தாறு அடியாவது தள்ளி விடுங்கள். சில நூறு ரூபாய் பெறுமான பிளாஸ்டிக் குழாய் செய்யும் வேலையை ஆயிரக்கணக்கான டாலர் ஒப்பந்தம் செய்யாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், விளம்பரத்தில் மட்டும் வராது.

பெருமழைக்கு மறுநாள் உள்ளே போய்ப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நின்றால், தாழ்வான மூலையில் குழி வெட்டி, மூடியுள்ள சம்ப் பம்பு வைத்து வெளியேற்ற வேண்டும். மூடி காற்றுப் புகாததாக இருக்கட்டும். திறந்த குழி என்றால், நீங்கள் அடைத்த ஈரம் அந்த வாய் வழியாகத் திரும்ப வந்துவிடும். துணி உலர்த்தியின் வெளியேற்றுக் குழாய் கிரால் ஸ்பேஸுக்குள் முடிகிறதா, ஏசியின் வடிநீர் அங்கே சொட்டுகிறதா என்றும் பாருங்கள். இரண்டுமே தவறு. இரண்டையும் வெளியே கொண்டுபோக வேண்டும்.

உள்ளே போகும்போது முழங்கால் உறை, கையுறை, உடம்பை மூடும் ஒருமுறை உடை, என்95 அல்லது அதைவிட நுண்ணிய முகக்கவசம், தலைவிளக்கு வேண்டும். எலிக் கழிவு இருந்தால் உலர்வாகப் பெருக்காதீர்கள். கிருமிநாசினி கலந்த நீரால் நனைத்து, ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். தென் மாநிலங்களில் காப்பர்ஹெட் பாம்பும் பிளாக் விடோ சிலந்தியும் தங்க விரும்பும் இடம் இது. தனியாகப் போகாதீர்கள், வெளியே ஒருவர் நிற்கட்டும்.

தரையை எல்லையாகக் கொண்டால்

வறண்ட மேற்கு மாநிலங்களிலும், வெள்ள அபாயப் பகுதியில் இருக்கும் வீடுகளிலும் இது பொருத்தம். வெள்ளப் பகுதியில் சுவரை முழுதாக அடைக்கவும் முடியாது. அங்கே அடித்தளச் சுவரில் தண்ணீர் புகுந்து வெளியேறத் திறப்புகள் இருந்தாக வேண்டும், தரைப்பரப்பில் ஒவ்வொரு சதுர அடிக்கும் 1 சதுர அங்குலம் என்ற கணக்கில். அவற்றை அடைத்தால் வெள்ளம் சுவரைத் தள்ளிச் சாய்த்துவிடும்.

பொருள் பொதுவாக ஃபைபர்கிளாஸ் பேட், அதாவது கண்ணாடியிழையில் செய்த நீள மெத்தை. வெப்பத்தைத் தடுக்கும் திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூடத் தடுப்பு கூடும். மிதமான இடங்களில் தரைக்கு ஆர்-19, குளிர் கூடிய இடங்களில் ஆர்-30. ஆர்-19 பேட் ஆறேகால் அங்குலத் தடிப்பு. சட்டத்தின் ஆழம் ஒன்பதேகால் அங்குலம். ஆக, கீழே மூன்று அங்குலம் வெற்றிடம் இருக்கும், அது பரவாயில்லை. ஆனால் மேலே, பேட்டுக்கும் தரைப்பலகைக்கும் நடுவே இடைவெளி இருக்கவே கூடாது. இருந்தால் அந்த இடுக்கில் குளிர்காற்று புகுந்து சுற்றிவரும், ஆர் மதிப்பு உறையில் அச்சிட்டதோடு சரி.

ஒரு பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டிய பேட் என்றால், காகிதம் மேலே பார்க்க வேண்டும், தரைப்பலகையைத் தொட்டுக்கொண்டு. கீழிருந்து வேலை செய்பவருக்குக் காகிதத்தைத் தன் பக்கம் வைத்து ஸ்டேப்பிள் அடிப்பது சுலபம். அதனால்தான் இவ்வளவு வீடுகளில் அது தலைகீழாக இருக்கிறது. அப்படி வைத்தால் ஈரம் காகிதத்துக்கு மேலே மாட்டிக்கொள்ளும், காகிதமோ பற்றிக்கொள்ளக்கூடியது, திறந்தபடி விடவே கூடாது.

பேட்டைத் தாங்க இரு முனையும் கூரான எஃகுக் கம்பிகள் கிடைக்கும். சட்டங்களின் நடு இடைவெளிக்கு ஏற்ப 16 அல்லது 24 அங்குல அளவு. சட்டத்துக்குச் சட்டம் வளைத்துச் செருகினால் வில் போல நிற்கும். 12 முதல் 18 அங்குலத்துக்கு ஒன்று. ரொம்ப அழுத்தினால் பஞ்சு நசுங்கி, ஆர் மதிப்பு குறையும். பேட் போடுவதற்கு முன்பே தரையிலுள்ள எல்லா ஓட்டைகளையும் கேன் ஃபோமால், அதாவது கேனிலிருந்து பீய்ச்சினால் நுரைத்து இறுகும் ஃபோமால், அடைத்துவிடுங்கள். கண்ணாடியிழை காற்றை வடிகட்டுமே தவிரத் தடுக்காது.

இந்த முறையில் ஒரு வினோதம் உண்டு. தரையை நன்றாக இன்சுலேட் செய்யச் செய்ய, கிரால் ஸ்பேஸ் இன்னும் குளிர்ந்துபோகும், ஏனெனில் வீட்டிலிருந்து கசிந்துவந்த சூடு நின்றுவிட்டது. முன்பு உறையாத தண்ணீர்க் குழாய் இப்போது உறையலாம். வெளியே சுமார் மைனஸ் 7 டிகிரி செல்சியஸைத் தொடும் இரவுகளில் மூடப்படாத குழாய்களுக்கு ஆபத்து அதிகம். எனவே குழாய்களுக்கும் ஃபோம் உறை போட வேண்டும். டக்ட் எனப்படும் ஏசி காற்றுக் குழாய்களின் இணைப்புகளை மாஸ்டிக் என்ற பசையால் பூசி, மேலே ஆர்-8 உறை சுற்ற வேண்டும். கடையில் விற்கும் சாம்பல் நிறத் துணி டேப், பெயரில் டக்ட் இருந்தாலும், டக்டில் நிற்காது. சில வருடத்தில் காய்ந்து உரிந்து தொங்கும்.

மண்மேல் பிளாஸ்டிக் இந்த முறையிலும் வேண்டும். அதை விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

சுவரை எல்லையாகக் கொண்டால்

ஈரமான தென்கிழக்குக்கு நம் பரிந்துரை இதுதான், குறிப்பாக ஏசி குழாய்களும் சூடேற்றியும் கிரால் ஸ்பேஸில் இருந்தால். ஆனால் தொடங்கும் முன் மூன்று விஷயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது எரிவாயு. கிரால் ஸ்பேஸில் இருக்கும் ஃபர்னஸ் என்ற சூடேற்றி அல்லது வாட்டர் ஹீட்டர், எரிவதற்கான காற்றை அந்த இடத்திலிருந்தே எடுக்கும் பழைய வகை என்றால், துவாரங்களை அடைத்த மறுகணம் அதற்கு மூச்சு முட்டும். புகை மேலே போகாமல் திரும்பும், கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் ஏறும். இது ஆளைக் கொல்லும் தவறு. வெளியிலிருந்து தனிக் குழாயில் காற்றை எடுத்து, தனிக் குழாயில் புகையை விடும் மூடிய எரியறை வகைக்கு மாற்றிய பிறகே மூடலாம். இரண்டாவது ரேடான். மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை லிட்டருக்கு 4 பிகோகியூரியோ அதற்கு மேலோ இருந்தால் சரிசெய்யச் சொல்கிறது, கனடாவின் வரம்பு கன மீட்டருக்கு 200 பெக்கெரல். சோதித்து, அதிகமிருந்தால், மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் துளையிட்ட பிவிசி குழாய் பதித்து, விசிறியால் கூரைக்கு மேல் வெளியேற்றும் ஏற்பாட்டை இதே வேலையோடு சேர்த்துச் செய்துவிடலாம். மூன்றாவது கரையான். தென் மாநில வீடுகளுக்குக் கரையான் தடுப்பு ஒப்பந்தம் இருப்பது வழக்கம். சுவரை மூடினால் கரையான் ஏறும் மண்குழாய்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சில நிறுவனங்கள் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிடும். முன்கூட்டியே கேளுங்கள். ஊர் அலுவலகத்தின் அனுமதியும் பல இடங்களில் வேண்டும்.

இனி ஒரு கணக்கு. வீடு 40 அடிக்கு 30 அடி, 1,200 சதுர அடி. சுற்றளவு 140 அடி. கிரால் ஸ்பேஸ் சுவர் உயரம் 3 அடி. தரைச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக 30 அடிப் போக்கில் ஓடுகின்றன.

சுவரின் உச்சியில், மரம் தொடங்கும் இடத்துக்குக் கீழே, 3 அங்குலப் பட்டையை வெறுமையாக விட வேண்டும். கரையான் ஏறினால் அங்கேதான் தெரியும். ஆக, மூட வேண்டிய உயரம் 33 அங்குலம். அடியிலும் சில அங்குலம் விடச் சொல்லும் ஊர்கள் உண்டு, உள்ளூர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரிப்புக்கு விதி கேட்பது 6 மில் பாலிஎதிலீன், அதாவது 0.15 மில்லிமீட்டர். அது மண்மேல் சும்மா கிடக்கப் போதும், அதன்மேல் ஆள் தவழ்ந்தால் கிழியும். 12 மில்லுக்குக் குறையாமல் வாங்குங்கள். உள்ளே நூலிழை பின்னியது என்றால் இன்னும் நல்லது. தரைக்கு 1,200 சதுர அடி, சுவருக்கு 385, தூண்களுக்கும் ஒன்றின்மேல் ஒன்று படியும் மடிப்புகளுக்கும் 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 1,820. 20 அடி அகலம், 100 அடி நீளமுள்ள ஒரு சுருள் 2,000 சதுர அடி. ஒன்று போதும்.

முதலில் கூரிய கற்கள், பழைய மரத்துண்டு, கட்டியவர்கள் விட்டுப்போன குப்பை எல்லாவற்றையும் அகற்றி மண்ணைச் சமன்படுத்துங்கள். மண்ணில் புதைந்த மரத்துண்டு கரையானுக்கு வைத்த விருந்து. சுவரைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, காற்றுத் துவாரங்களை வெளிப்புறமிருந்து சிமெண்டாலோ, உட்புறமிருந்து ஃபோம் துண்டும் கேன் ஃபோமும் வைத்தோ அடையுங்கள். பிறகு சுவருக்கான விரிப்பு. மேல் ஓரத்தில் சுவரில் ஒரு கோடு பாலியூரிதேன் சீலண்ட் இழுத்து, அதன்மேல் விரிப்பை அழுத்தி, பட்டையும் ஆணியும் வைத்துப் பிணைக்கவும். சீலண்ட் இல்லாமல் ஆணி மட்டும் அடித்தால் இரண்டு வருடத்தில் தொங்கும். சுவர் விரிப்பின் கீழ்ப்பகுதி ஓர் அடி தரையில் படியட்டும். அதன்மேல் தரை விரிப்பு வரும். இணைப்புகளில் குறைந்தது 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், ஒரு அடி என்றால் நிம்மதி. அதற்கென்றே விற்கும் டேப்பை, தூசியைத் துடைத்த பிறகு ஒட்டி, உருளையால் அழுத்துங்கள். தூண்களைச் சுற்றி விரிப்பை 6 அங்குலமாவது ஏற்றிச் சுற்றி ஒட்ட வேண்டும். சோம்பேறித்தனம் தெரியும் இடம் தூண்தான். வேலை முடிந்ததும் ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பாருங்கள்.

சுவர் இன்சுலேஷனுக்கு ஃபோம் போர்டு. எக்ஸ்பிஎஸ் வகை அங்குலத்துக்கு ஆர்-5, பாலிஐசோ சுமார் ஆர்-6. அமெரிக்க மாநிலங்கள் பலவும் தழுவும் மாதிரி எரிசக்தி விதி, தட்பவெப்ப மண்டலம் 3-இல் ஆர்-5, 4-இல் (கடலோர 4 நீங்கலாக) ஆர்-10, 5-லிருந்து ஆர்-15 கேட்கிறது. மண்டல எண் கூடக்கூடக் குளிர் கூடும். இரண்டு அங்குலப் போர்டு இரண்டு மண்டலங்களுக்குப் போதும். ஃபோம் எரியக்கூடியது, எரிந்தால் நச்சுப்புகை. அதனால் எல்லாப் போர்டையும் மூடாமல் விட முடியாது. தெர்மாக்ஸ் போல, அலுமினியத் தாள் ஒட்டி, திறந்தபடி வைக்கலாம் என்று சோதித்துச் சான்று பெற்ற போர்டுகள் இருக்கின்றன. கடையில் சான்றைக் கேட்டு வாங்குங்கள். கட்டட ஆய்வாளர் கட்டாயம் கேட்பார்.

எத்தனை போர்டு? 385 சதுர அடியை 32-ஆல் வகுத்து 13 என்று வாங்கி வந்து முழிப்பவர்கள் அதிகம். போர்டு 4 அடிக்கு 8 அடி. 33 அங்குல உயரத்தை அதிலிருந்து வெட்டினால் ஒரு போர்டுக்கு 8 அடிச் சுவர்தான் மூடும். 140-ஐ 8-ஆல் வகுத்தால் பதினேழரை, ஆக 18 போர்டு. மீதமாகும் 15 அங்குல அகல, 8 அடி நீளப் பட்டைகளும் 18 ஆகின்றன. அவற்றை எறிந்துவிடாதீர்கள். சுவருக்கு மேலே, தரைச் சட்டங்கள் முடியும் ஓரத்தில், ரிம் ஜாயிஸ்ட் என்ற பலகை வீட்டைச் சுற்றி ஓடுகிறது. ஒன்றரை அங்குல மரம் மட்டும், அந்தப் பக்கம் வெளி உலகம். குளிரும் காற்றும் அதிகம் புகும் இடம் அதுதான். 40 அடிப் பக்கங்கள் இரண்டிலும் சட்டங்களுக்கு நடுவே பக்கத்துக்கு 30 என மொத்தம் 60 பொந்துகள், ஒவ்வொன்றும் பதினான்கரை அங்குல அகலம், ஒன்பதேகால் அங்குல உயரம். ஒரு பட்டையில் 10 துண்டு கிடைக்கும். 6 பட்டையில் 60 பொந்தும் தீர்ந்தது. 30 அடிப் பக்கங்கள் இரண்டுக்கும் நீளவாக்கில் 8 பட்டை. நாலு பட்டை கையிருப்பு.

துண்டுகளைப் பொந்தைவிட நாலு பக்கமும் கால் அங்குலம் சிறிதாக வெட்டுங்கள். அந்த இடுக்கில்தான் கேன் ஃபோம் இறங்கும். இறுக்கமாக வெட்டினால் ஃபோம் மேலே பூசப்படுமே தவிர உள்ளே போகாது, காற்று கசியும். சுவர்ப் போர்டுகளை விரிப்பின்மேல் வைத்து, கான்கிரீட் திருகும் அகன்ற பிளாஸ்டிக் வில்லையும் கொண்டு பிணைத்து, இணைப்புகளில் அலுமினிய டேப் ஒட்டுங்கள். பல இடங்களில் போர்டைத் தரைமட்டத்துக்குக் கீழேயோ, அல்லது சுவரடியிலிருந்து மண்மேல் படுக்கையாகவோ இன்னும் 24 அங்குலம் நீட்ட வேண்டும்.

பழைய ஃபைபர்கிளாஸ் பேட்களைத் தரைக்கடியிலிருந்து எடுத்துவிடுவதா? எடுத்துவிடுங்கள். ஈரம் குடித்தவை, எலி கூடு கட்டியவை, பாதி தொங்குபவை. இப்போது எல்லை சுவருக்கு மாறிவிட்டது, தரை அடியில் வெறுமையாக இருந்தால் கசிவோ பூசணமோ உடனே கண்ணில் படும். ஸ்ப்ரே ஃபோமைத் தரைப்பலகைக்கு அடியில் நேரடியாக அடிப்பதைப் பற்றியும் இதே தயக்கம்தான். மூடிய செல் வகை அங்குலத்துக்கு ஆர்-6-க்கு மேல் தரும், காற்றையும் அடைக்கும். ஆனால் மேலே குளியலறைக் குழாய் ஒழுகினால் தண்ணீர் வெளியே வர வழியின்றி மரத்துக்குள்ளேயே நிற்கும். பலகை பொதபொதத்த பிறகே தெரியவரும்.

மூடியபின் உலர்த்த வேண்டும்

அடைத்த இடத்துக்கு ஈரம் நீக்கும் வழி ஒன்று கட்டாயம். விதி சில வழிகளை ஏற்கிறது. ஏசி குழாயிலிருந்து 50 சதுர அடிக்கு நிமிடத்துக்கு 1 கன அடிக் காற்றை உள்ளே விடலாம். நம் வீட்டுக்கு 24 கன அடி, ஒரு சின்னத் திறப்பு. ஏசி ஓடாத வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இது கைவிட்டுவிடும். இன்னொன்று ஈரநீக்கி இயந்திரம், 1,000 சதுர அடிக்கு நாளுக்கு 70 பைன்ட் என்ற கணக்கில். நமக்கு 84 பைன்ட், கிட்டத்தட்ட 40 லிட்டர். வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். 2019 வரை இந்த எண்ணை 80 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அளந்தார்கள், இப்போது 65-இல். முன்பு 70 பைன்ட் என்று விற்ற அதே அளவு இயந்திரத்தின் பெட்டியில் இப்போது 50 என்றிருக்கும். வாளியில் தண்ணீர் சேரும் வகையை வாங்கிவிட்டு, தினமும் தவழ்ந்துபோய்க் கொட்டுவதாகச் சபதம் எடுக்காதீர்கள். வடிகுழாயோ சிறு பம்போ வைத்து வெளியே விடுங்கள்.

கிரால் ஸ்பேஸ் காற்றின் ஈரப்பத இலக்கு 50 முதல் 55 சதவீதம். மரம் பல வருடம் ஊறியிருக்கும்போது காற்றின் ஈரப்பதத்தை ஒரே வாரத்தில் 40-க்கு இறக்கினால் சட்டங்கள் வேகமாகச் சுருங்கி, மேலே சுவர்ப் பூச்சில் கீறல், மரத்தரையில் இடுக்கு என்று வேறு தொல்லை வரும். முதல் மாதம் 65, அடுத்து 60, பிறகு 55 என்று படிப்படியாக இறக்குங்கள். ஓரம் எழும்பிய மரத்தரையை அவசரப்பட்டு இழைக்கவும் வேண்டாம். அடிப்பக்கம் ஈரத்தில் உப்பியதால்தான் ஓரம் எழும்பியது, காய்ந்தால் பெரும்பாலும் தானே படியும். எழும்பிய நிலையிலேயே இழைத்துவிட்டால், காய்ந்தபின் ஓரம் பள்ளமாகி நடு முதுகு தூக்கும்.

உள்ளே போகும் கதவையும் மறக்க வேண்டாம். இவ்வளவு செய்துவிட்டு மெல்லிய பிளைவுட் பலகையைச் சாத்தி வைப்பவர்கள் உண்டு. கதவின் உட்புறம் ஃபோம் போர்டும் சுற்றிலும் ரப்பர் பட்டையும் வேண்டும்.

கடைசியாக, காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் வயர்லெஸ் மானி ஒன்றை நடுவில் உள்ள ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு, அதன் திரையைச் சமையலறையில் வையுங்கள். 60-க்குள் நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நாள் 65-க்கு மேல் ஓடினால் ஈரநீக்கியின் வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு கதவு, பிறகு விரிப்பின் இணைப்புகள். மழை பெய்த மறுநாள் மட்டும் ஏறினால் தவறு உள்ளே இல்லை. கூரைக் குழாயின் நீட்டுக்குழாய் கழன்றிருக்கும், வெளியே போய்ப் பாருங்கள்.